கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?



குடிக்கும் தண்ணீரைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, குளித்து முடித்த பிறகு வெளியே போகிறதே அந்தத் தண்ணீர், அதைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. கண்ணுக்கு மறைந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். இன்றைக்கு அந்தத் தண்ணீரின் கணக்கைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகளில் சிலர் இப்போது வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வேன் போன்ற அந்த வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் இருக்கும். இத்தகைய வண்டிகளின் அடியில் ஒரு தொட்டி பொருத்தியிருப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் அதில் போய்ச் சேரும். வண்டிக்கு வண்டி அளவு மாறும். பெரிய வண்டியில் 100 லிட்டர் அளவுக்கும் இருக்கும். அது நிறைந்ததும் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது என்பது அந்த வண்டிக்காரருக்குரிய ஒழுங்கு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதற்கென்றே தனி இடங்கள் அமைத்திருக்கிறார்கள். சாலையோரத்திலோ ஆற்றங்கரையிலோ அதைத் திறந்துவிடுகிற வண்டிக்காரரைக் கண்டால் நமக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 200 லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவழிக்கிறார். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 1,000 லிட்டர். கழிவறைக்குப் போவதைக் கழித்துவிட்டாலும், அந்த வண்டியின் தொட்டியை நம் வீடு ஒரு நாளிலேயே பல தடவை நிரப்பிவிடும். வண்டிக்காரருக்குத் தொட்டி இருக்கிறது, நிறைந்தால் கண்ணில் படுகிறது. நம் வீட்டுக்கு அப்படி ஒரு தொட்டி இல்லை. வாசலில் ஓடும் சாக்கடைதான் நமது தொட்டி. அது நிறைவதை நாம் காண்பதில்லை. கீழே இருப்பவர்தான் காண்கிறார்.

வீட்டுக் கழிவுநீரை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கழிவறையிலிருந்து போவது ஒன்று. அது மலக்குழித் தொட்டிக்குப் போகிறது. அதன் அபாயம் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று அடுப்படி, குளியலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீர். மலக்குழித் தொட்டி வைத்த பழைய வீடுகள் பலவற்றில் இந்த இரண்டாவது தண்ணீர் தொட்டிக்குப் போவதில்லை. நேராக வாசல் சாக்கடையில்தான் விழுகிறது. "சவர்க்காரத் தண்ணீர்தானே, சுத்தமானதுதானே" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் சோற்றுப் பருக்கை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, மீன் கழுவிய நீர் இருக்கிறது, குழந்தையின் துணி அலசிய நீரும் இருக்கிறது. ஒரு வாளியில் பிடித்து வைத்துப் பாருங்கள். ஒரு நாள் கழிவதற்குள் நாற்றம் எடுத்துவிடும். கிருமிகள் அதிலுள்ள உணவைத் தின்று பெருகுகின்றன என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி.

இதே வேலை ஓடையிலும் நடக்கிறது. ஓடும் நீரில் காற்று கரைந்திருக்கிறது. மீன் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. சோறும் எண்ணெயும் கலந்த நீர் ஓடையில் சேரும்போது, அதைத் தின்னும் கிருமிகள் அந்தக் காற்றையும் இழுத்துக்கொள்கின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. சிலவகைச் சவர்க்காரத் தூளில் உள்ள சத்துகள் பாசிக்கும் நீர்ச்செடிகளுக்கும் உரமாகிவிடுகின்றன.

திரிங்காப்பிலிருந்து இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பக்கம் சுங்கை பாலாஸ், மறுபக்கம் புளூ வேலி என்று தேயிலை மலைகள். இடையே திரிங்காப், கோலா தெர்லா என்று காய்கறித் தோட்டங்கள். இந்த வட்டாரத்துக்கு உலு தெலோம் என்று பெயர். அதாவது தெலோம் ஆற்றின் தலைப்பகுதி. நாம் இருப்பது ஆற்றின் தலைமாட்டில். தெலோம் கீழே இறங்கி ஜெலாய் ஆறாகிறது. ஜெலாய் பகாங் ஆறாகி, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலக்கிறது. தெலோம் நீரின் ஒரு பகுதியை மின்சாரத்துக்காகச் சுரங்கவழி திருப்பி, பெர்த்தாம் ஆற்றில் விட்டிருக்கிறார்கள். அது 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து மலையைக் குடைந்த மற்றொரு சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் பாத்தாங் பாடாங்குக்கு இறங்குகிறது. ஆக, இந்த மலையின் தண்ணீர் கிழக்கேயும் போகிறது, மேற்கேயும் போகிறது. ரிங்லெட் ஏரியில் வண்டல் நிரம்பியிருப்பதையும், ஆகாயத் தாமரை படர்வதையும் அந்தப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பீர்கள். வண்டலுக்குக் காடழிப்பும் மண்வெட்டும் பெருங்காரணம். ஆனால் பல கைகள் சேர்ந்து ஊற்றியதில் நம் கையும் ஒன்று என்பதை மறுக்க முடியாது. தெலோம், ஜெலாய் கரைகளில் வாழும் செமாய் ஓராங் அஸ்லி குடும்பங்கள் அந்த ஆற்றையே நம்பியிருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உறவு பழையது. 1901-ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலில் மக்கள் கும்பல் கும்பலாகச் சாவதைக் கண்டார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897-இல் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடிய வைத்ததும் காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ கதை வேறாக இருந்தது. காட்டை அழித்ததும் வெயில் படுகிற தெளிந்த ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகியது. அங்கே திறந்த வாய்க்கால் உதவவில்லை. மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை மறைத்து ஓட்ட வேண்டியிருந்தது. அந்தக் குழிகளை வெட்டியவர்களும், காய்ச்சலில் மாண்டவர்களும், பிழைத்தவர்களும் பெரும்பாலும் நம் முன்னோர்களே. சமவெளிக்கு ஒரு முறை, மலைக்கு ஒரு முறை என்ற பாடத்தை அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள்.

அந்தப் பாடம் இன்றும் நமக்கு வேண்டும். கழிவுநீர் என்றதும் பல சுகாதாரப் புத்தகங்கள் உடனே சொல்வது உறிஞ்சுகுழி. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் கருங்கல்லும் நிரப்பி, கழிவுநீரை அதில் விட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதன் முறை. தமிழ்நாட்டுச் சமவெளிக் கிராமத்துக்கு அது நல்ல யோசனை. கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டத்தில் வெட்டினால் தொல்லையில்லை. ஆனால் நம் வீடு மலைச்சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திய தட்டில் நிற்கிறது. முன்னால் ஒரு சரிவு, பின்னால் ஒரு மேடு. இங்கே நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரை ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறக்கினால், மண் கனத்துப் பிடிப்பை இழக்கிறது. ஆண்டுக்கு 2,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. ஏற்கெனவே நனைந்திருக்கும் மண்ணில் நாமும் நீரை ஏற்றலாகாது.

இந்த மலை நிலச்சரிவை நன்கு அறியும். 1961-இல் ரிங்லெட்டில் மண் சரிந்து பலர் மாண்டார்கள். 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதியில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜனவரியில் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலிப் பகுதியில் அதிகாலை நேரத்தில் மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் ஐவர் இறந்தார்கள். இவையெல்லாம் வீட்டுச் சாக்கடையால் வந்தவை என்று நாம் சொல்லவில்லை. மண்ணுக்குள் நீர் ஏறினால் மலை என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறோம். ஆகவே மலைச்சரிவில் மூன்று விதிகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டின் உச்சியிலும், முன்னாலுள்ள சரிவின் விளிம்பிலும் கழிவுநீரை ஊற்றக் கூடாது. அங்கே உறிஞ்சுகுழியும் வெட்டக் கூடாது. சிமெண்டு பூசிய வாய்க்காலில் நீர் தங்காமல் ஓட வேண்டும். வெடிப்பு விட்டிருந்தால் உடனே பூச வேண்டும். கூரை மழைநீரும் அடுப்படி நீரும் வெவ்வேறு வழியாகப் போவது நல்லது. கலந்தால் பெருமழையில் சாக்கடை பொங்கிக் கீழ் வீட்டு வாசலை நனைக்கும்.

கீழ் வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. லயத்தில் நடக்கும் வாய்ச்சண்டைகளில் பாதி தண்ணீர்ச் சண்டை. மேல் வரிசை வீட்டுக்காரர் ஊற்றியது கீழ் வரிசைக்காரர் வாசலில் தேங்குகிறது. அங்கே குழந்தை தவழ்கிறது, கோழி மேய்கிறது, இரவில் எலி வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நடந்தால், காலிலுள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றலாம். தேங்கிய அழுக்கு நீரில் ஒருவகைக் கொசு முட்டையிடுகிறது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ தெளிந்த நீரையே நாடும், ஒதுக்கிய டின்னிலும் வாளியிலும் நிற்கும் நீர் அதற்குப் போதும். கொசு வளர இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். சண்டை போட்டுத் தீராத காரியம் இது. வாய்க்காலின் மட்டத்தை இருவரும் சேர்ந்து சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? அடுப்படியிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, தட்டைக் கழுவுமுன் வழித்தெடுங்கள். மீந்த சோறு, மீன்முள், தேயிலைச் சக்கை இவை சாக்கடைக்குப் போகவே கூடாது. ஒரு டின்னில் சேர்த்து, செடிக்கு எருவாகப் புதைக்கலாம். தண்ணீர் இறங்கும் ஓட்டையில் ஒரு வடிகட்டியைப் போட்டு வைத்தால், தப்பி விழும் பருக்கையும் நின்றுவிடும்.

இரண்டாவது, எண்ணெய். இங்கேதான் மலைநாட்டுக்காரர் தனிக்கவனம் எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். இரவில் இங்கே குளிர் 15 பாகை அளவுக்கு இறங்குகிறது. தேங்காய்ப்பால் கறியும் ஆட்டுக்கறிக் கொழுப்பும் சட்டியிலேயே வெள்ளையாகப் படிந்து நிற்பதைப் பார்க்கிறோம். சட்டியில் படிவது குழாயிலும் படியும். கொதிநீரை ஊற்றினால் கரைந்து போய்விடுகிறதே என்று கேட்கலாம். கரைந்து போவது உண்மை. பத்தடி தள்ளி நீர் ஆறியதும் அங்கே உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்மை. ஆகவே சட்டியைப் பழைய தாளால் துடைத்த பிறகே கழுவுங்கள். பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் போத்தலில் சேருங்கள். பழைய சமையல் எண்ணெயை வாங்கிக்கொள்பவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். வாகன எரிபொருள் செய்யவும் அது பயன்படுகிறது.

மூன்றாவது, கொழுப்புப் பிடிக்கும் தொட்டி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கறிக்குழம்பை இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் கொழுப்பு மேலே ஆடைபோல் மிதக்கும், மசாலை கீழே படிந்திருக்கும், நடுவில் நீர் நிற்கும். அந்தத் தத்துவமே இதற்கும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை அடுப்படிக்கு வெளியே வையுங்கள். அழுக்கு நீர் ஒரு பக்கம் மேலாக உள்ளே விழ வேண்டும். மறுபக்கம் வெளியே போகும் குழாயைக் கீழ்நோக்கி வளைத்து, அதன் வாய் நீரின் நடுப்பகுதியில் இருக்கும்படி அமைக்க வேண்டும். கொழுப்பு மேலே நின்றுவிடும், மண் கீழே தங்கிவிடும், நடுநீர் மட்டும் வெளியேறும். வாரம் ஒரு தடவை மேலுள்ள கொழுப்பை அள்ளிக் குப்பையில் கட்டிப் போட வேண்டும். அள்ளாமல் விட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை. நாற்றத்துக்கு ஓரிடம் கட்டிக் கொடுத்ததாகவே முடியும்.

நான்காவது, சவர்க்காரம். நுரை அதிகமாக இருந்தால் அழுக்கு அதிகமாகப் போகும் என்பது தவறான எண்ணம். பெட்டியில் போட்டிருக்கும் அளவே போதும். வெளுப்பு மருந்தை மலக்குழித் தொட்டியில் கொட்டாதீர்கள். மலத்தை மக்கச் செய்யும் நல்ல கிருமிகளை அது கொன்றுவிடும். வெளுப்பு மருந்தையும் கழிவறை கழுவும் அமில மருந்தையும் ஒருநாளும் கலக்காதீர்கள். மூச்சை அடைக்கும் நச்சுப் புகை கிளம்பும்.

ஐந்தாவது, துணி அலசிய கடைசித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் வீணல்ல. சமமான தரையில் கல்வாழை, சேம்பு, பூச்செடி இவற்றின் வேரடியில் ஊற்றலாம். ஒரே செடிக்குத் தினமும் ஊற்றாமல் இடம் மாற்றி ஊற்றுங்கள். சவர்க்காரத்தின் உப்பு மண்ணை இறுக்கிவிடும். பச்சையாகத் தின்னும் கீரைக்கு ஊற்றாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் வாளியில் சேர்த்தும் வைக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். அது மருந்தடிக்கும் வேலைக்குப் போய் வருபவரின் உடுப்பு. தேயிலை மலையிலும் காய்கறிக் கொல்லையிலும் மருந்தடித்துவிட்டு வருபவரின் சட்டையில் நஞ்சு ஒட்டியிருக்கிறது. அதைக் குழந்தையின் துணியோடு ஒரே தொட்டியில் ஊறப்போட்டால் நஞ்சு பங்குபோடப்படுகிறது. நம் நாட்டில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. ஒரு மருந்து போனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. வேலையிடத்திலேயே குளித்து உடைமாற்ற வசதி இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு தனி வாளியில் இரண்டு தடவை அலசுங்கள். மருந்துத் தோம்பைக் கழுவிய நீரை ஓடையிலோ வாசல் சாக்கடையிலோ கொட்டவே கூடாது. மருந்தடித்த அதே நிலத்தில் தெளித்துவிடுவதுதான் முறை. காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள்.

இவ்வளவும் நம் கையில் இருப்பவை. நம் கையில் இல்லாதவையும் உண்டு. உடைந்த வாய்க்கால், இல்லாத வாய்க்கால், அடைத்துக் கிடக்கும் பெரிய கால்வாய் இவற்றை ஒரு குடும்பம் தனியாகச் சரிசெய்ய முடியாது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிகளை வகுத்திருக்கிறது. போதிய குழாய்த் தண்ணீர் தருவதும் வீடுகளை நல்ல நிலையில் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. 2019-இல் அது திருத்தப்பட்டு மேலும் விரிவாக்கப்பட்டது. ஆகவே சாக்கடை உடைந்திருக்கிறது என்று தோட்ட அலுவலகத்தில் சொல்வது யாசகம் அல்ல. எந்த வரிசை, எத்தனையாவது வீட்டுக்கு எதிரில், எவ்வளவு நீளம் உடைந்திருக்கிறது என்று தாளில் எழுதி, சில குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்; எழுதியது கோப்பில் நிற்கும்.

இன்னொன்று. அழுக்குத் தண்ணீர் விவகாரம் பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்குவது சரியல்ல. தொட்டி வைப்பதும் வாய்க்கால் மட்டம் பார்ப்பதும் மண்வெட்டி பிடித்தவர்களுக்குக் கைவந்த வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கோத்தோங் ரோயோங் போட்டால், ஒரு லயத்தின் சாக்கடை முழுவதையும் அள்ளிவிடலாம். பக்கத்து வீட்டில் நேப்பாளத் தொழிலாளியும் வங்காளதேசத் தொழிலாளியும் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். மொழி வேறானாலும் வாய்க்கால் ஒன்றுதான்.

குளித்துக் குடிக்கவும் கசக்கிக் கட்டவும் நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழ்மையிலும் அந்தச் சுத்தத்தை நாம் விட்டதில்லை. குளித்த தண்ணீரையும் கசக்கிய தண்ணீரையும் பிறருக்குத் தீங்கில்லாமல் அனுப்பி வைப்பதும் அந்தச் சுத்தத்தைச் சேர்ந்ததுதான். ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பொறுப்புச் சற்று அதிகம். இன்றைக்கு மாலையில் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, வெளியே வந்து, அந்தத் தண்ணீர் போகும் வழியிலேயே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே கசிகிறது, யார் வாசலைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது.